நின்டெண்டோ லேபோ: அட்டைப் பியானோவை வாங்கலாமா, வெட்டிக்கொள்ளலாமா?

அண்ணா நகரில் ஒருவர் நின்டெண்டோ லேபோ வெரைட்டி கிட் ஒன்றை, அதாவது ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியோடு சேர்த்து விளையாட அட்டையை மடித்துப் பொம்மைகள் செய்துகொள்ளும் பெட்டியை, நாலாயிரம் ரூபாய்க்கு விற்கத் தயாராக இருந்தார். பையன் கல்லூரிக்குப் போய்விட்டானாம்; பெட்டியில் பெரும்பாலான அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றனவாம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகளுக்கு அது வேண்டும். தம்பிக்கு அது வேண்டாம். "அட்டைக்கு யாராவது நாலாயிரம் கொடுப்பார்களா, அக்கா? மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்" என்பது அவன் கட்சி. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த மாதிரி வழக்கில் கையால் செய்து பார்க்காமல் வாயால் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பும் கொடுத்த பிறகும் நானும் அவளும் செய்து பார்த்தவற்றை எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோர் சிலருக்காவது உதவும்.

லேபோ 2018 ஏப்ரலில் வெளிவந்தது. ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியும் அதன் இரு பக்கமும் கழற்றி மாட்டும் ஜாய்-கான் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஏற்கெனவே வீட்டில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் 28 அட்டைத் தாள்கள், கயிறு, ரப்பர் பேண்டு, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர்கள், ஸ்விட்சில் போடும் மென்பொருள் கொண்ட ஒரு கேம் கார்டு. தாள்களில் பாகங்கள் ஏற்கெனவே அச்சு வெட்டாக இருக்கும். விரலால் அழுத்திப் பிரித்து, மடித்து, சொருக வேண்டியதுதான். கத்தரிக்கோலும் பசையும் வேண்டாம். அதிர்வில் ஓடும் கார், தூண்டில், மோட்டார் பைக்கின் கைப்பிடி, ஒரு குட்டி வீடு, 13 கட்டைகள் கொண்ட பியானோ ஆகியவற்றை இப்படிச் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் விலை 69.99 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 4,600 ரூபாய். அப்போது ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்படவில்லை. ரிச்சி தெருக் கடைகள் வழியாகவோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டி வழியாகவோதான் சென்னைக்கு வந்தது. எங்கள் வீட்டு ஸ்விட்சும் தம்பியின் சிங்கப்பூர் வேலையோடு வந்ததுதான்.

தம்பியிடம் இன்னொரு வாதமும் இருந்தது. அதை நான் மதிக்கிறேன். கூகுள் 2014-இல் 'கார்டுபோர்டு' என்ற அட்டைக் கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. செல்போனை உள்ளே வைத்து, இரண்டு வில்லைகள் வழியாக முப்பரிமாணக் காட்சி பார்க்கலாம். அந்த வடிவத்தை எல்லோரும் செய்து விற்றார்கள். தம்பியும் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கினான். ஆரம்ப வியப்பு தீர்ந்ததும் அது பரணுக்குப் போனது. 2021-இல் கூகுளே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. "இதுவும் அங்கேதான் போகும்" என்றான்.

இரண்டும் அட்டை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அந்தக் கண்ணாடியில் அட்டையின் வேலை போனையும் வில்லைகளையும் சரியான தூரத்தில் பிடித்துக்கொள்வது மட்டும். முதல் வடிவத்தில் பக்கவாட்டில் ஒரு காந்தம் இருந்தது. அதை இழுத்தால் போனுக்குள் இருக்கும் காந்தமானி அந்த மாற்றத்தை உணர்ந்து, பொத்தானை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அழகான யோசனை, ஆனால் அசையும் பாகம் அந்த ஒன்றுதான். லேபோவில் அட்டையே நெம்புகோல், அட்டையே சுவிட்ச், அட்டையே ஸ்பிரிங். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தம்பிக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் செலவில்லாமல் ஒரு சோதனை செய்தோம்.

லேபோவின் அட்டை வடிவங்களை நின்டெண்டோ இலவசமாகவே வெளியிட்டிருந்தது. கிழிந்த பாகத்தை வீட்டிலேயே வெட்டி மாற்றிக்கொள்வதற்காக. அவற்றில் மிக எளியது கார். ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பை நீக்கி, நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு சதவீதம் சுருங்கினாலும் சொருகும் இடங்கள் இறுகிவிடும். வந்த தாளின் மேல் ஜாய்-கானை வைத்துப் பார்த்தேன். அதன் நீளம் 102 மில்லிமீட்டர். அச்சில் இருந்த இடத்தோடு சரியாக ஒத்துப்போனது.

அட்டை விஷயத்தில் தம்பி சொன்னது பாதிதான் சரி. மளிகைக் கடைப் பெட்டிகளில் பல, ஐந்து அடுக்கு அட்டை. கனமானவை, மடித்தால் மடிப்பு உப்பிக்கொள்ளும். லேபோவின் அட்டை மெல்லிய நெளி கொண்ட மூன்று அடுக்கு. பிஸ்கட் பெட்டி, மிக்ஸி வந்த பெட்டியின் உள் தடுப்பு போன்றவை அதற்கு நெருக்கமாக இருக்கும். நெளி ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். நெளிக்கு இணையாக மடித்தால் சுலபமாக மடியும், ஆனால் கோடு பக்கத்துப் பள்ளத்துக்கு நழுவி ஓடும். நெளிக்குக் குறுக்கே மடித்தால் நேராக வரும், ஆனால் முதலில் அழுத்திக் கோடு போட்டாக வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோரம் வைத்து அழுத்தி இழுத்தோம். மேல் தாள் கிழியாமல் உள்ளே நெளி மட்டும் நசுங்கும். நெளி நசுங்கும் சத்தம் நின்றால் கோடு போதுமென்று அர்த்தம். கட்டர் கத்தியை நான் பிடித்தேன், ஸ்கேலை அவள் பிடித்தாள்.

கார் என்று சொன்னாலும் அதற்குச் சக்கரம் கிடையாது. சாய்ந்த கால்கள் கொண்ட ஒரு மடிப்பு. இரு பக்கமும் ஜாய்-கானைச் சொருக வேண்டும். கேம் கார்டு இல்லாமல் அதை முறையாக ஓட்ட முடியாது. ஆனால் ஸ்விட்சிலேயே தொலைந்த கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடும் வசதி ஒன்று உண்டு. திரையில் அதன் படத்தை அழுத்திப் பிடித்தால் ஜாய்-கான் அதிரும். அதை இதற்குப் பயன்படுத்தினோம். மொசைக் தரையில் வைத்து இடது ஜாய்-கானை அதிர வைத்ததும், கார் கொஞ்சம் நடுங்கி, பிறகு சின்னச் சின்ன அரை வட்டமாக நகர ஆரம்பித்தது. ஒரு பக்கம் மட்டும் அதிர்வதால் நேராகப் போகாது, அது எதிர்பார்த்ததே.

"சக்கரமே இல்லாமல் எப்படி அத்தை நகர்கிறது?" என்று கேட்டாள். மேசை மேல் அதிரும் செல்போன் தானாக ஓரத்துக்கு நகர்ந்து வருவது போலத்தான். கால்கள் ஒரு திசையில் சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு அதிர்விலும் அட்டை லேசாக எழும்பி, அந்தத் திசையிலேயே மறுபடி தரையில் ஊன்றுகிறது. ஜாய்-கானின் அதிர்வை மென்பொருள் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியும். இடமும் வலமும் வேறு வேறு அளவில் அதிர்ந்தால் கார் திரும்பும். இவ்வளவையும் அவள் தரையில் குப்புறப் படுத்து, கால்கள் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அப்போதே என் மனம் வாங்கலாம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே சோதனை தம்பிக்கும் ஒரு வாதத்தைக் கொடுத்தது. "பார்த்தாயா, நாமே வெட்டிவிட்டோம். கார்டை மட்டும் தேடி வாங்கினால் போதாதா?" நியாயமான கேள்வி. விடை பியானோவின் அச்சுத் தாள்களைப் பார்த்தபோது கிடைத்தது. காருக்குச் சில வெட்டுகள்தான். பியானோவுக்கு ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி மடிப்பு, காது, சொருகு துளை. 13 கட்டைகளும் ஒன்றோடொன்று உரசாமல் அருகருகே ஏறி இறங்க வேண்டும். கட்டர் கத்தியால் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகுவது சாதாரணம். அந்தப் பிசகு 13 கட்டைகளில் சேர்ந்துகொண்டே போனால் கடைசிக் கட்டை சட்டத்துக்குள் நுழையாது. அச்சு வெட்டின் அருமை அங்கேதான் தெரிகிறது. அந்த நாலாயிரத்தில் அட்டைக்கு உள்ள பங்கு மிகச் சிறிது. துல்லியமான வெட்டுக்கும், கேம் கார்டில் இருக்கும் செய்முறை விளக்கத்துக்கும்தான் விலை. இதைச் சொன்னபோது தம்பி மறுக்கவில்லை. "அப்படியானால் பேரம் பேசு" என்றான்.

பேசினேன். 3,200 ரூபாய்க்கு முடிந்தது. பணம் கொடுக்குமுன் கேம் கார்டைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பியானோ தாள்கள் முழுவதும் பிரிக்கப்படாமல் இருப்பதை எண்ணிச் சரிபார்த்தோம். ஸ்டிக்கர் தாளில் சில மட்டும் போயிருந்தன. அதை வைத்துத்தான் விலை குறைந்தது.

ஸ்டிக்கருக்கு ஜி.பி. ரோடுக்குப் போனேன். லாரிகளின் பின்னால் ஒட்டுகிறார்களே, அந்த ரேடியம் ஸ்டிக்கர். பெயரில்தான் ரேடியம், தானாக ஒளிராது. தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். வலது ஜாய்-கானின் அடியில் ஒரு அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி, எங்கிருந்து பளிச்சென்று திரும்பி வருகிறது என்று பார்க்கும். அதற்கு வெள்ளி நிற ஸ்டிக்கர்தான் வேண்டும். இருட்டில் பச்சையாக மினுங்கும் ரகம் இதற்குப் பயன்படாது; கடையில் இரண்டும் அருகருகே தொங்கும், செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து வாங்க வேண்டும். லேபோவோடு வந்த அசல் ஸ்டிக்கரும் இதுவும் கேமராவுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன.

பியானோ கட்டுவது ஒரே மூச்சில் முடிகிற வேலையில்லை. நாங்கள் கட்டைகளை ஒரு நாளும் சட்டத்தை இன்னொரு நாளும் வைத்துக்கொண்டோம். செய்முறை விளக்கம் திரையில் அசையும் படமாக வருகிறது. பாகத்தை விரலால் சுழற்றி எந்தக் கோணத்திலும் பார்க்கலாம். வேகமாக ஓட்டலாம், பின்னோக்கி வரலாம். எழுத்து மிகக் குறைவு. நான் பார்த்த எந்த மேசை நாற்காலிச் செய்முறைத் தாளும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் இரண்டு கட்டைகளை நான் உடனிருந்து மடித்தேன். மூன்றாவதிலிருந்து அவள் திரையைப் பார்க்கவே இல்லை, கை பழகிவிட்டது.

கட்டையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பெட்டியின் உயிர். விரல் முன்பக்கத்தை அழுத்துகிறது. பின்பக்கம் மேலே எழுகிறது. பின் நுனியில் ஒட்டிய ஸ்டிக்கர் கேமராவின் பார்வைக்குள் வருகிறது. எந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறதோ அதை வைத்து எந்தச் சுரம் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. விரலை எடுத்தால் கட்டை திரும்பி வர உலோக ஸ்பிரிங் எதுவும் இல்லை. மடித்த அட்டை நிமிர முயலும் விசைதான். ஒரு கம்பி கிடையாது, ஒரு மின் இணைப்பு கிடையாது. மென்பொருளின் 'டிஸ்கவர்' பகுதியில் கேமரா பார்ப்பதையே திரையில் பார்க்கலாம்: கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொட்டுகள் எழுந்து விழும். அவள் பியானோ வாசித்ததைவிட அந்தப் பொட்டுகளைப் பார்த்த நேரம் அதிகம்.

நான்கு மணி வெயில் விழும் பால்கனியில் வைத்து வாசித்தபோது அழுத்தாத சுரங்களும் ஒலித்தன. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது, கேமரா குழம்புகிறது. கூடத்துக்குள் கொண்டுவந்ததும் சரியானது. மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் இதை நினைவில் வைக்கவும்.

அவள் மயிலாப்பூரில் பாட்டு கற்றுக்கொள்கிறாள். அதனால் இந்த 13 கட்டைகள் அவளுக்கு வேறு விதமாகப் பயன்பட்டன. பன்னிரண்டு சுரத்தானங்களும் மேல் ஸ்தாயி ஷட்ஜமும் சேர்ந்தால் கணக்காகப் பதிமூன்று. இடது கோடியை ஸ என்று வைத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை ராகம் 1, 2, 5, 6, 8, 9, 12, 13 என்ற கட்டைகளில் விழுகிறது. சரளி வரிசையின் முதல் வரிசை முழுவதும் இந்த ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே இரண்டு கட்டைகள் சும்மா நிற்பதைக் கண்ணால் பார்த்தபோது, பாட்டு டீச்சர் சொல்லும் இடைவெளி என்ன என்று அவளுக்குப் பிடிபட்டது. கமகம் வராது. அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம், அவ்வளவுதான். சங்கீதக் கருவியாக இதை வாங்குவதென்றால் அதே பணத்துக்குச் சிறிய கீபோர்டு வாங்குவது மேல் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி சென்னையின் காற்று. கடலை ஒட்டிய ஊரில் அட்டை என்றாலே ஈரம்தான் எதிரி. காகித நார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அட்டையின் விறைப்பு குறையும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் பியானோவின் கட்டைகள் அழுத்தினால் மெதுவாகத்தான் எழுந்தன. இரண்டு கட்டைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஸ்டிக்கர் கேமராவின் பார்வையை விட்டு விலகாததால் அந்தச் சுரங்கள் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தன. ஏசி அறையில் ஓர் இரவு வைத்ததும் உயிர் வந்தது. இப்போது மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டிகளோடு வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறோம். உரசித் தேயும் ஓரங்களில் செல்லோ டேப் ஒட்டலாம். நிமிர வேண்டிய மடிப்பின் மேல் மட்டும் ஒட்டக் கூடாது, விசை போய்விடும். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் அட்டையின் பசையைத் தேடி வரும். ஆகவே பரண் ஆகாது. தம்பியின் பயம் இந்த ஒரு இடத்தில் முழுக்கச் சரி: பரணில் போட்டால் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது.

கட்டி முடித்த பிறகு என்ன என்பது அவனுடைய கடைசிக் கேள்வி. தூண்டிலும் வீடும் எங்களிடம் அதிக நாள் ஓடவில்லை. தூண்டிலின் இழுவை முதலில் சிலிர்ப்பாக இருக்கிறது, பிறகு சலிக்கிறது. மோட்டார் பைக் கைப்பிடி பரவாயில்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் விளையாட்டு அதை ஏற்றுக்கொள்வதால் அதற்குத் தொடர்ந்து வேலை இருக்கிறது.

என் பதில் லேபோ மென்பொருளில் உள்ள 'டாய்-கான் கராஜ்' என்ற பகுதி. அதில் 'இது நடந்தால் அதைச் செய்' என்று இரண்டு கட்டங்களைக் கோட்டால் இணைக்கலாம். ஜாய்-கான் குலுங்கினால், பொத்தான் அழுத்தினால், கேமராவுக்கு ஸ்டிக்கர் தெரிந்தால் என்பன ஒரு பக்கம். ஒலி எழுப்பு, மற்ற ஜாய்-கானை அதிரச் செய், திரையை ஒளிரச் செய் என்பன மறுபக்கம். என் அம்மா இரவு மாத்திரையை மறந்துவிடுவார். இவள் மாத்திரை டப்பா மூடியின் உட்புறத்தில் மிச்சமிருந்த ரேடியம் ஸ்டிக்கரை ஒட்டினாள். பழைய பிஸ்கட் பெட்டியில் வலது ஜாய்-கானுக்கு ஒரு கூடு செய்து டப்பாவுக்கு எதிரே நிறுத்தினாள். மூடி திறந்தால் கூடத்தில் இருக்கும் ஸ்விட்சிலிருந்து ஒலி வரும். முதல் இரவு அம்மா வேண்டுமென்றே பலமுறை திறந்து மூடினார். ஸ்விட்ச் ஓடிக்கொண்டே இருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால் நிரந்தர ஏற்பாடாக வைக்க முடியாது. ஆனால் உணரி ஒன்று, விதி ஒன்று, விளைவு ஒன்று என்று ஒரு கருவியைத் தானே யோசித்து, தானே அட்டையை வெட்டிச் செய்தாளே, அதற்கு நான் 3,200 ரூபாயைத் தாராளமாகக் கொடுப்பேன்.

ஆகவே வாங்குவதா என்றால், கட்டுவதில் ஆசையுள்ள பிள்ளைக்கு வாங்கலாம். கட்டியதை வைத்து விளையாட மட்டும் நினைக்கும் பிள்ளைக்கு வேண்டாம். பெரியவர் கட்டிக் கொடுத்துப் பிள்ளை விளையாடுவதென்றால் கொடுத்த காசு வீண்தான். ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அதில் ஜாய்-கானைக் கழற்ற முடியாது, கேமராவும் அதிர்வும் இல்லை. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இன் புதிய ஜாய்-கானிலும் அகச்சிவப்புக் கேமரா கிடையாது. அட்டையின் குழிகளும் பழைய கருவியின் அளவுக்கே வெட்டப்பட்டவை. பழைய ஸ்விட்சை விற்க நினைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கேம் கார்டு இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பெட்டி இல்லாமல் கார்டு மட்டும் கிடைத்தால், காரும் கராஜும் போதும் என்பவர்கள் வாங்கலாம்; பியானோவை மட்டும் கையால் வெட்ட முயல வேண்டாம்.

அடுத்ததாக ரோபோ கிட் கேட்கிறாள். முதுகில் மாட்டும் பை, கை கால்களில் கட்டும் கயிறுகள். கயிறு இழுத்தால் பைக்குள் எடைகள் ஏறி இறங்கும், அதைக் கேமரா பார்க்கும். வெளிவந்தபோதே 79.99 டாலர். அதில் கட்டுவதற்கு இருப்பது ஒரே ஒரு பொருள்; எங்கள் கூடத்தில் கை கால் வீசி ஆட இடமும் இல்லை. அதன் அட்டை வடிவங்களை மட்டும் அச்சிட்டு, எடை ஏறி இறங்கும் பகுதியை மிக்ஸிப் பெட்டியில் வெட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி இந்த முறை கட்டர் கத்தியைத் தானே பிடிப்பதாகச் சொல்கிறான்.